சீர்த்தட்டில் வராத திராட்சை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். தேனியில் ஒரு சின்ன மண்டபத்தில் எனக்கு வளைகாப்பு நடந்தது. தலைப்பிள்ளை. வளைகாப்பு என்றால் எல்லாரும் சந்தோஷமாகத்தான் நினைத்துப் பார்ப்பார்கள். எனக்கு அந்த நாளை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. யார் மேல் எரிச்சல் என்று கேட்டால் ஒரு ஆளைக் கைகாட்ட முடியாது. அதுதான் கூடுதல் எரிச்சல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கறுப்பு. பெண் பார்க்க வந்தவர்களிடம் தரகர் "மாநிறம்" என்று சொன்னது பச்சைப் பொய். நல்ல கறுப்பு. கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகிற வழியில் இருக்கிற சுருளிப்பட்டி நான் பிறந்த ஊர். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். கறுகறுவென்று, விதையோடு, தோலை உரசினாலே மணக்கும் பன்னீர் திராட்சை. கொடியைக் கவாத்து வெட்டுவது, மருந்தடிப்பது, வியாபாரியோடு மல்லுக்கட்டுவது என்று அவர் வாழ்க்கையே அந்தப் பந்தலுக்கு அடியில்தான் போனது. அருவிக்குப் போகிறவர்கள் தோட்டத்தோரம் வண்டியை நிறுத்தினால், விலை பேசுவதற்கு முன்னால் ஒரு கொத்தை ஒடித்துக் கையில் கொடுத்துவிடுவார். "தின்னு பாருங்க, சும்மா ரத்தம் ஊறும்" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தது தேனிக்கு. கணவர் வீட்டில் பஜாரில் பாத்திரக்கடை. நான் ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மாமியாரைப் பற்றி ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மசக்கையில் நான் வாந்தியெடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டவர் அவர். மில்லுக்குக் கிளம்புவதற்குள் தினமும் ஒரு டப்பாவில் மாதுளையை உதிர்த்து வைத்திருப்பார். அப்படிப்பட்ட மனுஷிதான், ஐந்தாம் மாதம் பிறந்ததும் ஒரு தம்ளர் பாலோடு வந்து நின்றார். பால் மஞ்சளாக இருந்தது. போடியிலிருந்து அவருடைய அக்கா, நான் பெரியத்தை என்று கூப்பிடுகிறவர், குங்குமப்பூ டப்பா கொடுத்தனுப்பியிருந்தார்.

"கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சிருத்தா. பிள்ளை செவப்பாப் பொறக்கும்" என்றார் அத்தை.

குடித்தேன். முதல் நாள் குடித்துவிட்டதால் இரண்டாம் நாள் மறுக்க முடியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நாவல்பழம் கூடாது. கறுப்புத் திராட்சை கூடவே கூடாது. படுக்கையறைச் சுவரில் ஒரு படம் ஒட்டினார்கள். வெள்ளைவெளேரென்று, கொழுகொழுவென்று, நீலக்கண்ணோடு ஒரு குழந்தை. காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்க்க வேண்டுமாம். "இந்த மாதிரிப் பிள்ளை எனக்குப் பொறந்தா முதல்ல சந்தேகப்படப் போறது உங்க மகன்தான் அத்தை" என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். படத்தை எடுக்கவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். டாக்டரம்மா எனக்கு ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரும்புச் சத்து மாத்திரை. அதைப் போட்டால் பிள்ளை கறுத்துவிடும் என்று பெரியத்தை போனில் சொல்ல, அத்தை மாத்திரை அட்டையை எடுத்து சாமி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். எனக்கு மூச்சு வாங்குகிறது, மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறது. அது பரவாயில்லை, பிள்ளையின் நிறம்தான் முக்கியம். கணவரிடம் சொன்னேன். "அம்மாட்ட சண்டை போடாத. நீ பாட்டுக்கு மில்லுல வச்சுப் போட்டுக்க" என்று புது அட்டை வாங்கிக் கொடுத்தார். அது அவருடைய வீரம். கட்டின பெண்டாட்டி திருட்டுத்தனமாக மேசை டிராயரிலிருந்து சத்து மாத்திரை எடுத்து விழுங்கினாள், கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டால் தலைவலி மாத்திரை என்றாள்.

வளைகாப்புக்கு நாள் குறித்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். தாய்வீட்டிலிருந்து வளையல், பூ, பலகாரம், ஏழு வகைச் சாதம், பழத்தட்டுகள் எல்லாம் சீராக வரும். "அப்பா, ஆப்பிள் ஆரஞ்செல்லாம் பேருக்கு வாங்குங்க. ஒரு தட்டுல நம்ம தோட்டத்துத் திராட்சை வரணும். எனக்குத் தின்னணும்போல இருக்கு" என்றேன். "நம்ம திராட்சையா?" என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டார். பிறகு "சரித்தா" என்றார். அந்தக் கேள்வியை நான் அப்போது கவனிக்கவில்லை.

வளைகாப்பு அன்று மண்டபத்து மாடி அறையில் எனக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தார்கள். சன்னல் வழியே பார்த்தேன். லோடு ஆட்டோவிலிருந்து அப்பா இறங்கினார். கையில் தட்டு. தட்டில் திராட்சை, கொத்துக் கொத்தாக. தோள் துண்டின் நுனியால் ஒரு கொத்தில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மை கலைகிறது என்று அலங்காரம் செய்த பெண் அதட்டினாள்.

கீழே வந்து மனையில் உட்கார்ந்தேன். சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. வாசலில் நின்று வாங்கி வைத்தவர் பெரியத்தை. வளையல் வந்தது, பூ வந்தது, ஆப்பிள், ஆரஞ்சு, சாத்துக்குடி, அதிரசம், முறுக்கு எல்லாம் வந்தது. திராட்சைத் தட்டு வரவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேறு பக்கம் பார்த்தார். ஆகா, வாசலிலேயே மடக்கிவிட்டார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்னத்தில் சந்தனம், கை நிறைய கண்ணாடி வளையல், ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து பூசிவிட்டுப் போகிறார்கள். எனக்கு எதுவும் ஏறவில்லை. எங்கள் அப்பா துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்ததை எந்த மூலையில் போட்டார்கள்? அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியத்தை சந்தனம் பூசக் குனிந்தபோது கேட்டேவிட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

"எங்கப்பா கொண்டுவந்த திராட்சைத் தட்டு எங்க பெரியத்தை?"

"எந்தத் தட்டுத்தா? வந்ததெல்லாம் இங்கனதேன் இருக்கு."

"மாடியில இருந்து நான் பாத்தேன்."

"அட, நான் எடுக்கலைத்தா. வந்திருந்தா எடுத்திருப்பேன்தேன். அது வேற கதை. ஆனா வரவே இல்ல" என்றார். அந்த மகராசி பொய் சொல்கிறவர் இல்லை. கூடத்தில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

ஆண்கள் நின்ற வாசல் பக்கமிருந்து அப்பா உள்ளே வந்தார். "ஆத்தா, சபையில சத்தம் போடாத. அவுகள ஒண்ணும் சொல்லாத. நாந்தேன் திரும்ப வண்டியில வச்சுட்டேன்."

"நீங்களா? ஏம்ப்பா வச்சீக?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆசப்பட்டுக் கேட்டியேன்னு பறிச்சுட்டு வந்துட்டேன். படியேறுறப்ப மனசு கேக்கல" என்றார். பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. "உன்னய வயித்துல வச்சிருந்தப்ப உங்கம்மாவுக்குச் சோறு தண்ணி எறங்கல. பந்தலுக்கடியில உக்காந்து பழத்தத்தேன் தின்னுச்சு. நாந்தேன் பறிச்சுப் பறிச்சுக் குடுத்தேன். அந்த வெனதான நீ பட்டது? பொண்ணு பாக்க வந்தவுக என்னென்ன சொல்லிட்டுப் போனாக. மறுபடியும் என் கையாலயே பேரப்பிள்ளைக்கும் அதக் குடுக்கச் சொல்றியா?"

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அது தெரியவில்லை.

நான் பிறந்ததிலிருந்து என் நிறத்துக்குத் தன் பழம்தான் காரணம் என்று இந்த மனிதர் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் ரத்தம் ஊறும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே, தன் மகளைக் கெடுத்தது இதுதான் என்று உள்ளே நினைத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொரு தடவையும் காபியைக் குடித்துவிட்டு, "சொல்லியனுப்புறோம்" என்று போனதும் அப்பா நேராகத் தோட்டத்துக்குப் போய்விடுவார். வெளியே காட்டிக்கொள்ளாமல் வேலையைப் பார்க்கப் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே போய் என்ன நினைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பெரியத்தை மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அது அவரோடு நிற்கவில்லை. அந்தத் தரகர், காபி குடித்துவிட்டுப் போனவர்கள், சுவரில் ஒட்டின நீலக்கண், எல்லார் மேலும் போனது.

"நீங்க என்னப்பா செவப்பா?" என்றேன். "உங்களப் பாத்துட்டு என்னயப் பாத்தாத் தெரியாதா? நான் உங்க மக, உங்கள மாதிரி இருக்கேன். பழம் என்னப்பா பண்ணுச்சு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு இன்னும் கோபம் ஏறியது. மனையிலிருந்து எழுந்தேன். அத்தை பதறி என் கையைப் பிடித்தார். "ஆலத்தி எடுக்காம எந்திரிக்கக் கூடாதுத்தா. பிள்ளைக்கு ஆகாது."

"பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு இனிமே என்னயக் கேளுங்கத்தை" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "அந்தத் தட்டு வராம நான் உக்கார மாட்டேன்."

கடைசியில் என் கணவர்தான் வெளியே போய் வண்டியிலிருந்து தட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அத்தனை மாதத்தில் அதுவாவது செய்தாரே.

மனையில் உட்கார்ந்து தின்றேன். ஒவ்வொரு பழத்துக்கும் வளையல் சத்தம் போட்டது. விதையை உள்ளங்கையில் துப்பினேன். பெரியத்தை தலையில் அடித்துக்கொண்டார். ஒரு கொத்தை அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, நான் கையை இறக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வாங்கிக்கொண்டார். தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தட்டைச் சபையில் சுற்றிவரச் சொன்னேன். கடைசி வரிசையில் கணவர் வழிச் சொந்தத்தில் ஒரு பெண், அவளும் வயிற்றுப்பிள்ளைக்காரி, ஆசையாகக் கை நீட்டினாள். பக்கத்திலிருந்த அவள் மாமியார் அந்தக் கையைத் தட்டிவிட்டார். அவள் உடனே மடியில் கையை வைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும்விட அதுதான் என் கண்ணிலேயே நிற்கிறது.

அன்று சாயங்காலமே தாய்வீட்டுக்குக் கிளம்பினோம். பையை மூடும்போது அத்தை குங்குமப்பூ டப்பாவை உள்ளே வைத்தார். "ஊரு வாய மூட முடியுமாத்தா? பொம்பளப் பிள்ளையாப் போச்சுன்னா நாளைக்கு அதுதான கஷ்டப்படும்? அதுக்காகத்தேன் சொல்றேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் போய்விடுமா என்ன? சுருளிப்பட்டி போனதும் அந்த டப்பாவை அப்படியே சர்க்கரைப் பொங்கலில் கொட்டி வீட்டில் எல்லாரும் சாப்பிட்டோம். ஒருத்தரும் சிவக்கவில்லை.

கம்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழக் கொஞ்சம் தாமதமானது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதை யாரும் கேட்கவில்லை. போன் மேல் போன். ஆணா பெண்ணா என்று ஒரு கேள்வி. அடுத்த கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: "நெறம் எப்படி?" எடை கேட்டவர்கள்கூட அதற்குப் பிறகுதான் கேட்டார்கள்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் அது தெரிய வேண்டும்போல இருக்கும். பிள்ளை கடைசியில் என்ன நிறத்தில் பிறந்தது? சொல்ல மாட்டேன். அன்றைக்குப் போனில் கேட்டவர்களுக்கும் "பிள்ளை நல்லா அழுகுது" என்று மட்டும்தான் சொன்னேன்.

இப்போது அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. விடுமுறைக்குப் போனால் பந்தலுக்கு அடியில் அப்பா மடியில்தான் கிடப்பாள். முதல் தடவை அவள் "பழம்" என்று கை நீட்டியபோது அப்பா பறிக்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகுதான் ஒரு பழத்தைப் பறித்து, தோலை உரித்து, விதையை எடுத்து, சின்னச் சின்னதாகப் பிய்த்து ஊட்டினார். இன்றைக்கும் ஒவ்வொரு தடவையும் ஊட்டுவதற்கு முன்னால் ஒரு முறை என்னைப் பார்க்கிறார். ஊருக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழம் கொடுத்த கையைத் தன் பேத்திக்குக் கொடுக்கப் பயப்பட வைத்த அந்தக் கறுப்பு சிவப்புப் பேச்சை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் எனக்கு இல்லை.