பாலில்லாத காபியும் ஒரு முகூர்த்தப் புடவையும்

என் மகன் கட்டிக்கொள்ளப் போகிற பெண் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கைப்பையில் ஒரு அட்டைப்பெட்டிப் பாலும் கொண்டுவந்தாள். ஓட்ஸிலிருந்து எடுத்த பாலாம். காபி குடிக்க வருகிறவர்கள் கூடவே பாலும் எடுத்துவருவதை நான் அன்றுவரை பார்த்ததில்லை. அதுவும் என் வீட்டுக்கு! இரண்டு தெரு தள்ளிக் கறந்த பாலை நுரை அடங்குவதற்குள் வாங்கிவந்து, முதல் டிகாஷனில் கலந்து கொடுப்பேன். அந்தக் காபிக்காகவே ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறார்கள்.

சிரித்த முகமாகத்தான் வாங்கி அடுப்பில் வைத்தேன். கொதி வந்ததும் அது கஞ்சி மாதிரி கெட்டியாகி அடிப்பிடித்துவிட்டது. கொதிக்க விடக்கூடாது, லேசாகச் சூடு பண்ணினால் போதும் என்று அவள் பின்னால் வந்து நின்று சொன்னாள். என் அடுப்படியில், எனக்குப் பால் காய்ச்சச் சொல்லிக்கொடுத்தாள். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அவளையாவது பொறுத்துக்கொள்ளலாம், இன்னொரு வீட்டுப் பெண். என் மகனும் தனக்கு அதே பாலில் காபி வேண்டும் என்றான். தினமும் இரண்டு டம்ளர் பால் குடித்து வளர்ந்த பிள்ளை! சென்னையில் அவர்கள் இருவரும் வேலை செய்கிற ஆபீஸில் இப்போது பாதிப் பேர் இப்படித்தானாம். ஓட்ஸ் பால், சோயா பால், பாதாம் பால் என்று வரிசையாக வைத்திருக்கிறார்களாம். எனக்குத் தெரிந்த பாதாம் பால், மாட்டுப் பாலில் பாதாமை அரைத்துப் போட்டுக் காய்ச்சுவது. மாட்டை எடுத்துவிட்டுப் பாதாமை மட்டும் பிழிந்தால் அதற்கும் அதே பேரா என்று கேட்டேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயிலுக்குப் போகிற வழியில் புதிதாகத் திறந்த காபிக் கடையிலும் போர்டில் இந்தப் பால்களையெல்லாம் எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்காக இருக்கும் என்று நினைத்து உள்ளே போய் விசாரித்தேன். நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான் அதிகம் வாங்குகிறார்கள் என்று சொன்னார்கள். அன்று சாமி கும்பிடும்போதுகூட மனசு அங்கேதான் இருந்தது.

இதற்கெல்லாம் நடுவில் எங்கள் வீட்டுத் தறியில் அவளுடைய முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்துக்கு மருமகளாக வருகிறவள் வீட்டுத் தறியில் நெய்த பட்டைக் கட்டிக்கொண்டுதான் மணவறையில் உட்காருவாள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். வியாபாரிக்கு நெய்வதைத் தள்ளிவைத்துவிட்டு என் வீட்டுக்காரர் இதற்கான பாவு நூலைத் தறியில் ஏற்றினார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. கோர்வைப் புடவையில் கரையை உடலோடு கோத்துக்கொண்டே போக, பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். ஒரே பிள்ளை, ஒரே மருமகள். இனி இப்படி ஒரு புடவை எங்கள் தறியில் ஏறப்போவதில்லை என்று தெரிந்தே இரண்டு பேரும் உட்கார்ந்து நெய்தோம்.

மூன்றாவது தடவை அவள் வந்தபோது, பாலை ஏன் விட்டாய் என்று நேராகவே கேட்டேன். பால் கன்றுக்குட்டிக்குச் சொந்தமானது, காளைக் கன்று பிறந்தால் அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை என்றாள். மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவில்லை. வசமாக மாட்டினாள் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்:

"கன்னுக்குட்டி பாவம், சரி. பட்டுப்புழுவ கொதிக்கிற தண்ணியில போடறாங்களே, அது பாவம் இல்லியாம்மா? கல்யாணத்துல பட்டு கட்டிக்கினு நிப்ப, காபிக்கு மட்டும் நியாயம் பேசுவியா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதுவும் பாவம்தான் அத்தை. நான் பட்டு கட்டறதை விட்டு ரொம்ப நாள் ஆச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் இருந்தேன்."

என் மகன் தலை குனிந்துகொண்டான். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, நாங்கள் நெய்வதைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவள்மேல் வந்த கோபத்தைவிட அவன்மேல் பல மடங்கு வந்தது. ஆனால் வாய் அவளிடம்தான் போனது.

"அப்போ நாங்க இத்தினி வருசமா பண்ணிக்கினு இருக்கறது பாவமா?"

அவள் கண் கலங்கியது. ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. மாமியாராகப் போகிறவளிடம், அவள் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எங்களுக்குப் பட்டு நூலாகத்தான் வருகிறது. புழுவை நான் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. இதை அவளிடம் சொல்ல வாய் எடுத்தேன். பால் வாங்குகிற வீட்டில் காளைக் கன்று எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஆத்திரம் இன்னும் அதிகமானது.

என் வீட்டுக்காரர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். முகூர்த்தத்துக்கு என்ன கட்டிக்கொள்வாய் என்று மட்டும் அவளிடம் கேட்டார். பருத்தி என்றாள். சரி என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய், என்னைக் கூப்பிட்டார். யாருக்காக நெய்வது என்று கேட்டேன். பாவில் இருப்பதை முடிக்காமல் எழுந்திருக்க முடியுமா, வந்து உட்கார் என்றார். உட்கார்ந்தேன். அழுதுகொண்டேதான் நாடா தள்ளினேன்.

புடவை போன வாரம் தறியிலிருந்து இறங்கியது. வியாபாரி பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் கல்யாணத்தில் அதை நான் கட்டிக்கொள்ளப் போகிறேன். இந்த வயதில் மாம்பழ மஞ்சளா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நெசவுக்காரன் வீட்டு மருமகள் ஏன் பருத்தி கட்டியிருக்கிறாள் என்று எங்கள் தெருவே கேட்கத்தான் போகிறது. அவளையே கேளுங்கள் என்பேன். அவள் மழுப்ப மாட்டாள். எங்கள் தொழிலைப் பற்றி என்ன நினைக்கிறாளோ அதை அத்தனை பேர் முன்னாலும் சொல்வாள். அவள் சொல்லி முடிக்கிறவரை நான் இந்தப் புடவையோடு அவள் பக்கத்திலேயே நிற்பேன்.