குன்றத்தூர் கிளினிக் வாசலில் நான் வாய் திறந்த நாள்

போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரகடத்தில் என் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் முடித்து லாக்கரைத் திறந்தேன். போனில் பத்தொன்பது மிஸ்டு கால். எல்லாம் ஒரே நம்பர். குன்றத்தூர் பக்கம் என் அண்ணன் ஞானமுத்து இருந்த முதியோர் இல்லத்து நம்பர்.

காலை ஒன்பது மணிக்கே அண்ணன் இறந்துவிட்டார். எனக்குத் தெரிந்தபோது மணி இரண்டே முக்கால். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி. அது தெரிந்தும் இல்லத்தில் என் நம்பரை மட்டும் கொடுத்திருந்தேன். அண்ணன் செத்துக் கிடந்த நேரம் முழுக்க நான் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் சபையில் எழுந்து இதைச் சாட்சியாகச் சொன்னேன். பரபரப்பில் பாதியை விட்டுவிட்டேன். அதனால்தான் முழுவதையும் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு அறுபத்தோரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நானும் என் மனைவி எஸ்தரும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் இரண்டு வருடமாக இல்லத்தில் இருந்தார். கை கால் விழுந்தாலும் வாய் விழவில்லை. நான் சபையில் கடைசி வரிசைக்காரன். ஜெபத்தில் என் உதடு மட்டும்தான் அசையும். "டேய் சின்னவனே, நீ ஜெபம் பண்றியா, பாக்கு மெல்றியா?" என்பார். நானும் விடமாட்டேன். மாத்திரைச் சீட்டு, ஆதார் நகல், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் அவர் வேதப்புத்தகத்துக்குள்தான் செருகி வைப்பார். "இது வேதமா, பீரோவா அண்ணே?" என்று கேட்பேன்.

ஒரு முறை அவருடைய பக்கத்துக் கட்டில்காரர் திடீரென்று இறந்து, பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அண்ணனுக்கு ஒரே பயம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மட்டும் அறுக்க வுட்றாதடா" என்றார். விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் முகத்தைத் துடைத்து, கட்டிலில் நேராகப் படுக்க வைத்திருந்தார்கள். நான் அழுது முடிக்கும்வரை மேனேஜர் வசந்தா மேடம் பொறுமையாக நின்றார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். வழக்கமாக வரும் டாக்டர் வெளியூரில் இருக்கிறார். அவர் அண்ணனைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது, அதனால் இறப்புச் சான்று எழுதித் தர மறுத்துவிட்டார். சமீபத்தில் பார்த்த டாக்டர் யாராவது வந்து பார்த்து, இன்ன காரணத்தால் இறந்தார் என்று எழுத வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் போலீசுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு உடல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

"ஆறு மணி வரிக்கும் பாக்குறேன் சார். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

அடக்கத்துக்கு ஆதார் வேண்டுமே என்று அண்ணனுடைய வேதப்புத்தகத்தைத் திறந்தேன். ஆதாரோடு ஒரு சீட்டும் மடியில் விழுந்தது. குன்றத்தூரில் ஒரு கிளினிக்கின் சீட்டு. தேதியைப் பார்த்தேன். போன வியாழக்கிழமை! அன்று மேடம் லீவு. அண்ணனைக் கூட்டிப்போன ஆயா நோட்டில் எழுதாமலே ஊருக்குப் போய்விட்டிருந்தார். பீரோ என்று நான் கேலி பேசிய புத்தகத்துக்குள்தான் கர்த்தர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

வண்டியில் பறந்தேன். கிளினிக் ஷட்டர் மூடியிருந்தது. இன்று டாக்டர் வரமாட்டார் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நம்பர் எதுவும் இல்லை. மணி நாலரை.

படியில் உட்கார்ந்தேன். பஸ் போகிறது, ஆட்கள் போகிறார்கள். எனக்கு வெட்கம் போன இடம் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் திறந்து, சத்தமாக, அழுதுகொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, என் அண்ணனை அறுக்க விடாதீங்க. இந்த டாக்டரை எப்படியாவது காட்டுங்க."

கண்ணைத் திறந்தால், நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர் எதிரில் நிற்கிறார். பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர்.

"இன்னாபா, உங்க சாமியாண்ட சொல்றத கொஞ்சம் என்னாண்டையும் சொல்லு" என்றார்.

சொன்னேன். அந்த இடத்திலேயே போனை எடுத்தார். டாக்டரம்மா வீடு இரண்டு தெரு தள்ளித்தானாம். கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். சீட்டைப் பார்த்ததுமே, "பாட்டு பாடிக்கிட்டே ஊசி போட்டுக்கிட்டாரே, அவரா?" என்று கேட்டார். என்னோடு இல்லத்துக்கே வந்தார். அண்ணனை நன்றாகச் சோதித்துவிட்டு, மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போது மணி ஆறாக எட்டு நிமிடம்!

போகும்போது ஒன்று சொன்னார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேங்க. ஞாயித்துக்கிழம தம்பி வருவான், சொல்றேன்னாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கம்பெனியில் ஓவர்டைம் (ஓ.டி.) பார்த்தேன். போகவில்லை. இதை மறைத்தால் இது சாட்சி ஆகாது. கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னும் கேட்கிறேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட ஓ.டி. பார்க்கவில்லை. மத்தியானம் அதே இல்லத்துக்குப் போய், பார்க்க ஆள் வராதவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன்.

மறுநாள் சாயங்காலம் மண்ணூரில் எங்கள் சபைக் கல்லறையில் அண்ணனை அடக்கம் செய்தோம். உடலில் ஒரு கீறல் இல்லை. மெடிக்கல் ஷாப்காரரும் மாலையோடு வந்திருந்தார்.

உங்கள் வீட்டார் யாராவது இப்படி ஒரு இல்லத்தில் இருந்தால், இன்றைக்கே இரண்டாவது நம்பர் ஒன்று கொடுங்கள். நான் இப்போது எல்லோரிடமும் எங்கள் கம்பெனி செக்யூரிட்டி கேட் நம்பரையும் சேர்த்துக் கொடுக்கிறேன். கடைசியாகப் பார்த்த டாக்டர் யார் என்று கேட்டு வையுங்கள். இதெல்லாம் செய்த பிறகும் ஒரு கதவு மூடியிருந்தால், அங்கேயே உட்கார்ந்து வாய் திறந்து கூப்பிடுங்கள். அவர் கேட்பார். யார் காது வழியாகக் கேட்பார் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அடக்கத்தில் பாஸ்டர், குடும்பத்தில் யாராவது ஜெபிக்கலாம் என்றார். எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் முன்னால் போய் நின்று ஜெபித்தேன். சாலையில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம். அண்ணே, நான் பாக்கு மெல்லவில்லை.