கதவைத் திறந்த சுகிர்தம் டீச்சர்

சுகிர்தம் டீச்சர் போய்விட்டார். காலையில் போன் வந்தது... இன்னும் மனசு ஒரு நிலையில் இல்லை.

தாம்பரத்தில் ஒரே ஸ்கூலில் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் தமிழ். ஞாயிற்றுக்கிழமை ஒரே சர்ச், ஒரே பெஞ்ச்.

எழுபதுகளின் ஆரம்பம் என்று நினைவு. சேலையூர் பக்கம் அப்போது பாதி வயல், பாதி புது வீடு. சபை மூப்பர் தேவசகாயம் ஐயா வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடக்கும். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு குரல். மூத்த மகன் ஜெபராஜ் ஆர்மோனியம் வாசிப்பார்.

அன்று ஜெபத்துக்கு நடுவில் உள் அறையிலிருந்து ஒரு சத்தம். யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறார்கள்... மெதுவாக, விட்டு விட்டு.

எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் கண் திறக்கவில்லை.

"ஒரு பாட்டு பாடுவோம். நல்லா சத்தமா பாடுங்க," என்றார் ஐயா. ஜெபராஜ் ஆர்மோனியத்தைப் பலமாக அழுத்தினார்.

பாட்டு ஏற ஏற, தட்டுவதும் ஏறியது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

டீச்சர் எழுந்தார். "ஐயா, உள்ள யாரு?"

"மருமகதான். அவளுக்குப் பிசாசுத் தொல்லை. உபவாசத்துல வச்சிருக்கோம். நீங்க உக்காருங்க டீச்சர்."

டீச்சர் உட்காரவில்லை. நேராகப் போய் வெளித் தாழ்ப்பாளை நீக்கினார்.

மருமகள் எஸ்தர் தரையில் கிடந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். உதடு வெடித்திருந்தது. "தண்ணி" என்றாள்... அவ்வளவுதான்.

நானும் டீச்சரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே கூட்டி வந்தோம். யாரும் தடுக்கவில்லை. யாரும் கூட வரவும் இல்லை. தெருவரைக்கும் ஐயா முடிவு ஜெபம் சொல்லும் சத்தம் கேட்டது... அதே இனிமையான குரல்.

டீச்சர் வீட்டில் கஞ்சி குடித்த பிறகுதான் எஸ்தர் பேசினாள். புருஷன் ஜெபராஜ் அடிக்கிறார் என்று பாஸ்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்துதான் அவளுக்குப் பிசாசாம்.

தந்தி கொடுத்தோம். திருநெல்வேலியிலிருந்து அப்பா வந்து கூட்டிப்போனார். பிறகு நர்சிங் படித்தாள், வேலை பார்த்தாள், நன்றாகவே இருக்கிறாள்.

அந்த வாரமே ஐயா டீச்சர் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"நாலு பேர் முன்னாடி நம்ம சாட்சியை, சபையோட நல்ல பேரைக் கெடுத்துட்டீங்களே டீச்சர்."

"நான் எங்க ஐயா கெடுத்தேன்? கதவைத்தானே திறந்தேன்."

ஐயா கோபப்படவில்லை. சிரித்தார். "உங்களுக்காக ஜெபம் பண்றேன். ஒத்தையா இருக்கீங்க... பாத்து இருங்க."

சண்டே ஸ்கூல் கிளாஸை டீச்சரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் பெஞ்சில் எங்களைத் தவிர யாரும் உட்காருவதில்லை.

கொஞ்ச நாளில் டீச்சர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நாற ஆரம்பித்தது. இறைத்துப் பார்த்தால், செத்த நாய்.

"யாரோ வேணும்னே போட்டுக்கீறாங்கம்மா. கழுத்துல கல்லு கட்டிக்கீது பாரு," என்றார் கிணறு இறைக்க வந்தவர்.

டீச்சர் அன்றைக்கும் முதல் பீரியடுக்கு வந்துவிட்டார்.

"வேற சர்ச்சுக்குப் போயிடலாமே டீச்சர்," என்றேன். பயம் எனக்குத்தான்.

"நான் எதுக்குப் போகணும்?"

அடுத்த வருஷம் ஐயாவின் இரண்டாவது மகனுக்குக் கல்யாண அறிக்கை வாசித்தார்கள். தடை ஏதாவது தெரிந்தால் சொல்லலாம் என்று பாஸ்டர் வழக்கமாகக் கேட்டதும் டீச்சர் எழுந்து நின்றார். சர்ச் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சட்டப்படி தடை ஒண்ணும் இல்ல பாஸ்டர். பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருந்தா, ஆராதனை முடிஞ்சதும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போகச் சொல்லுங்க."

அந்தப் பெண்ணின் அம்மா வெளியே மரத்தடியில் வந்து பேசினார். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது எனக்கு நினைவிருக்கிறது. கல்யாணம் நடக்கவில்லை.

ஐயா கடைசி மூச்சு வரை மூப்பராகவே இருந்தார். அவருடைய அடக்க ஆராதனைக்கு டீச்சரும் வந்தார், பாடினார். அதுதான் டீச்சர்.

நாளை சாயங்காலம் அதே சர்ச்சில் டீச்சருக்கு அடக்க ஆராதனை. இப்போது அங்கே மூப்பர் ஜெபராஜ். இரங்கல் உரையும் அவர்தானாம்.

சற்றுமுன் போன் செய்தார். அப்பாவின் குரல் அப்படியே இருக்கிறது... "சிஸ்டர், நாளைக்கு நல்ல விஷயமா மட்டும் பேசுவோம். பழசெல்லாம் எதுக்கு, என்ன?"

"நீங்க பேசி முடிங்க பிரதர். அப்புறம் நான் பேசறேன்," என்றேன்.

போனை நானே வைத்தேன்.

போய் வாங்க டீச்சர்.