கலைவாணனின் கைக்கு ஏற்ற பெட்டி

மூலக்குளத்தில் குடியிருந்த கலைவாணன் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். அதற்கு முன்னால் பஞ்சாலையில் வேலை. ஆலை மூடியதும் வேனுக்கு வந்தார். நாற்பது வயதைத் தாண்டியதும் கியர் போடும்போது கை வழுக்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, அவர் மனைவி நிர்மலாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய், மருந்து கிடையாது. அவள் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டாள். ஒளித்து வைக்க அவளுக்குத் தெரியவில்லை.

2008 கோடையில் அவர் கட்டிலோடு ஆகிவிட்டார். நிர்மலா தொழிற்பேட்டையில் மாத்திரை அட்டை அடுக்கும் வேலைக்குப் போயாக வேண்டும். பக்கத்து வீட்டு வேம்புதான் பகலில் வந்து கஞ்சி ஊட்டிவிட்டு, டிவியைப் போட்டுவிட்டுப் போவாள். அவள் வைத்த சேனல்தான் சாயங்காலம் வரைக்கும். ரிமோட்டை அழுத்த அவர் விரலில் பலமில்லை.

"வேம்புகிட்ட மாத்தச் சொல்லக் கூடாதா?" என்று நிர்மலா கேட்டாள்.

"ஊட்டி உடுது, வாயத் தொடைக்குது. இதயும் எப்டிச் சொல்றது? போட்டத பாத்துக்கினு கெடக்கறேன்."

வேறு எதற்கும் ஆசைப்படாத மனுஷன். பழைய படங்களும் கால்பந்தும் போதும் அவருக்கு. யாரையும் கேட்காமல் அதைப் பார்க்க ஒரு வழி செய்துவிட வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. காமராஜர் சாலையில் தேவதாஸ் என்பவர் கம்ப்யூட்டர், டிவிடி பிளேயர், டிஷ் பெட்டி எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். வேலை விட்டு நேரே அங்கே போனாள்.

தேவதாஸ் எத்தனை சேனல் வரும், படம் எவ்வளவு தெளிவு என்று சொல்லத் தொடங்கினார். அவள் ஒவ்வொரு ரிமோட்டையும் மேஜைமேல் வைத்து, இடது கைச் சுண்டுவிரலால் மட்டும் அழுத்திப் பார்த்தாள். டிஷ் பெட்டி ரிமோட்டின் ரப்பர் பொத்தான் கல் மாதிரி இருந்தது. பென் டிரைவ் போடுகிற பிளேயரின் ரிமோட் தட்டையாக, நகத்தால் குத்தினால்தான் கேட்டது.

"இன்னாம்மா பண்றீங்க?" என்றார் தேவதாஸ்.

அவள் சொன்னாள். அவர் ரிமோட்டுகளை ஒதுக்கி வைத்தார். பிறகு ஒரு மவுஸை எடுத்து அவள் முன்னால் வைத்தார். சுண்டுவிரல் பட்டதுமே டிக் என்றது.

"இதான் லேசு. சின்ன கம்ப்யூட்டர் ஒண்ணு பழசு கெடக்குது. டிவில சேக்கறதுக்கு ஒரு கார்டு போடணும், மெட்ராஸ்லேந்து வரணும். அதுவரைக்கும் இந்த மவுஸ எடுத்துக்கினு போய் அவருக்கு ஆவுதான்னு பாருங்க."

அந்த மவுஸைக் கலைவாணனின் வலது கைக்கடியில் வைத்தாள். ஆள்காட்டி விரல் அசைந்தது. டிக். அவர் சிரித்தார், சிரிக்கும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அதற்குப் பிறகு நாள் முழுக்க அதைத் தட்டிக்கொண்டேயிருந்தார். ஒயர் எதிலும் சேராமல் கட்டிலுக்குக் கீழே தொங்கியது. பழக்கம் விட்டுவிடக் கூடாது என்றார்.

கார்டு வரத் தாமதமானது. வந்தது பழைய கம்ப்யூட்டருக்குச் சேரவில்லை, மறுபடி அனுப்பினார்கள். ஆடி முடிவதற்குள் வலது விரல் நின்றுபோனது. நிர்மலா மவுஸை இடது கைக்கு மாற்றினாள்.

ஆவணியில் தேவதாஸே வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து பொருத்தினார். டிவியில் நீல நிறம் வந்து, எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. கலைவாணனால் மவுஸை நகர்த்த முடியவில்லை, தட்டத்தான் முடிந்தது. தேவதாஸ் வெகு நேரம் உட்கார்ந்து, ஒரு தட்டுக்கு அடுத்த படம் என்று மாற்றிக் கொடுத்தார். பழைய படங்களும் கால்பந்து ஆட்டங்களும் நிறைய ஏற்றியிருந்தார்.

புரட்டாசி முழுக்க அது ஓடியது. வேம்பு வாசலில் நிர்மலாவைப் பிடித்து, "அண்ணன் இன்னிக்கு மூணு தடவ மாத்திக்கினாரு, அக்கா" என்று சொல்வாள்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது, காலையில் வைத்துவிட்டுப் போன ஆட்டமே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மவுஸ் கைக்கடியில்தான் இருந்தது.

"வழுக்கிப் போச்சா?"

"இல்ல," என்றார். அவர் பேச்சு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது. "காலைலேந்து அழுத்தறேன்."

அவள் அந்த விரலைப் பிடித்துத் தேய்த்தாள். எண்ணெய் போட்டு உருவினாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அத எடுத்துடு நிர்மலா. கையில இருந்தா அழுத்தத் தோணுது" என்றார்.

மறுநாள் அவள் மறுபடி தேவதாஸின் கடைக்குப் போனாள். வாயால் சொன்னால் கேட்கிற பெட்டி, கண்ணால் பார்த்தால் மாறுகிற பெட்டி, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவர் கம்ப்யூட்டரில் தேடிக் காட்டினார். வெளிநாட்டில் ஒருவர் கண்ணாலேயே எழுத்தைத் தொடும் படம் இருந்தது.

"இதெல்லாம் நம்ம ஊருக்கு வர்றதுக்குள்ள..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "பெட்டி வேணாம்னா திருப்பி எடுத்துக்கறேம்மா."

"இருக்கட்டும் சார்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அதிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கட்டிலருகே உட்கார்ந்து, அன்றைக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு, தானாக ஓடும்படி வரிசையாக வைத்துவிட்டுப் போனாள். மார்கழியில் அவர் சொல்கிற பெயர்கள் அவளுக்கே புரியாமல் போயின. இரண்டு முறை, மூன்று முறை கேட்டால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். பொங்கலுக்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். தனக்குத் தோன்றியதை வைத்துவிட்டு, தொழிற்பேட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, இந்த நேரம் எந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும், அது அவருக்குப் பிடித்ததுதானா என்று நினைப்பாள். தெரிந்துகொள்ள வழியில்லை.