பெட்டி மட்டும் படியேறிய வீடு

மட்டாஞ்சேரியில் சாமான்கள் தனியாகவே பயணம் செய்யும். ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள். வந்த புதிதில் நானும் நம்பவில்லை. எரணாகுளத்தில் ஒருவர் தையல் மிஷின் வாங்குவார். அதைப் படகில் ஏற்றி, "பள்ளிக்குப் பின்னால் இருக்கிற ஜோசப்பின் வீட்டுக்கு" என்று படகுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மிஷின் ஜோசப்பின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நேற்று நான் வந்த படகில்கூட ஒரு மெத்தையும், இரண்டு வாழைத்தாரும், கால் கட்டிய ஓர் ஆடும் ஆள்துணை இல்லாமல் வந்தன. ஆட்டுக்கு மட்டும்தான் கொஞ்சம் கவலை இருந்த மாதிரி தெரிந்தது. நம் பக்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கினால், ஒரு கண்ணைப் பையிலேயே விட்டுவிட்டுத்தானே இறங்குவோம்! இந்த ஊரின் இந்த நல்ல வழக்கத்தை நான் ஒரே ஒரு தடவை தப்பாகப் பயன்படுத்திக்கொண்டேன். அதைத்தான் எழுத வந்தேன்.

நான் சங்கரன்கோயில் பக்கத்துக்காரன். எழுபதுகளின் தொடக்கத்தில், இங்கே சுக்கும் மிளகும் மொத்தமாக வாங்கி அனுப்புகிற ஒரு கிட்டங்கியில் மூட்டைக்குக் குறி போடுகிற வேலைக்கு வந்தேன். அங்கே சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்தவள் பிலோமினா. மூன்று வருஷம் கழித்து ரிஜிஸ்டர் ஆபீஸில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். வேற்று மதம், வேற்று பாஷை. விஷயம் ஊருக்குப் போவதற்குள் எனக்கு ஊர் இல்லாமல் போய்விட்டது. சாதிக்காரர்கள் கூட்டம் போட்டு, என் வீட்டில் கை நனைக்கிறவனும் எனக்குச் சமம் என்று சொல்லிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அப்பா இருந்திருந்தால் வெட்டியிருப்பார் என்று எல்லோரும் சொன்னார்களாம். அம்மா மட்டும் யாரையாவது பிடித்து, வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதிப் போடுவாள். அண்ணன் அப்போது கடலில் இருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றிக் காட்டுகிற கப்பல் ஒன்றில் சமையல்கட்டு வேலை. அவர் வந்து எங்களோடு ஒரு வாய் சோறு தின்றுவிட்டால் போதும், மற்றவர்கள் மெல்ல மெல்ல வழிக்கு வந்துவிடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்த வழி.

எழுபதுகளின் கடைசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மூத்த மகள் செல்விக்குக் கல்யாணம். கப்பல் கொச்சியில் ஒரு நாள் நிற்கும், அங்கேயே இறங்கிக்கொள்கிறேன், நீ வார்ஃபுக்கு வந்து என்னை எரணாகுளம் சவுத் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடு, கொல்லத்தில் இறங்கிச் செங்கோட்டை வண்டியைப் பிடித்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தார். செல்வியை இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்தவன் நான். கல்யாணத்துக்கு வா என்று அதில் ஒரு வரி இல்லை. வீட்டுக்கு வருகிறேன் என்றும் இல்லை. பிலோமினா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "சேட்டன் இவிடெ வரில்லே?" என்றாள். வருவார், வராமல் எங்கே போவார் என்று சொன்னேன். அவள் உடனே முன்னறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கப்பல் வெலிங்டன் தீவில் வந்து நின்றது. வெள்ளைக்காரக் கிழவர்களும் கிழவிகளும் இறங்கி, எங்கள் மட்டாஞ்சேரியைப் பார்ப்பதற்கென்று பஸ் ஏறினார்கள். அவர்களெல்லாம் போன பிறகு அண்ணன் இறங்கினார். தலை நரைத்திருந்தது. ஒரு பெரிய டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டி. "மெலிஞ்சிட்டியேலே" என்றார். அவ்வளவுதான். நான் குனிந்து டிரங்கைத் தலைக்குத் தூக்கினேன். மூத்தவன் பெட்டியை இளையவன் சுமப்பதுதானே நமக்கு மரியாதை. இந்த ஊரில் அது நடக்காது என்பது எனக்குத் தெரியும். சுமட்டுத் தொழிலாளிகளின் இடத்தில் இன்னொருவன் சுமை தூக்கினால், அது அவர்களுடைய சோற்றில் கை வைப்பது. தெரிந்தேதான் தூக்கினேன், அண்ணன் பார்க்க வேண்டுமே! நீலச் சட்டைக்காரர் அவறாச்சன் ஓடி வந்தார். கிட்டங்கிக்குச் சரக்கு ஏற்ற வருகிறவர், என்னை நன்றாகத் தெரிந்தவர். "எடா முத்து, தாழெ வை. எங்கள் பணி கெடுத்தாதே" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கிக் கைவண்டியில் வைத்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். "உன் அண்ணன் பெட்டிய நீ தூக்கக்கூடாதாக்கும்? நல்ல ஊருலே" என்றார்.

படகுத்துறை பக்கம்தான். அங்கிருந்து எரணாகுளத்துக்கும் படகு போகும், மட்டாஞ்சேரிக்கும் போகும். எரணாகுளம் படகுக்கு நேரம் இருந்ததால் அண்ணனை டீக்கடையில் உட்கார வைத்தேன். அவர் துறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடி டம்ளரை ஊதிக்கொண்டிருந்தார். எனக்கு எதிரே துறை. மட்டாஞ்சேரிப் படகு வந்து நின்றது. அவறாச்சன் டிரங்கைத் தூக்கினார். ஆறு வருஷம் கழித்துக் கடல் தாண்டி வந்த சேட்டன், அக்கரையில் தம்பி வீடு; வேறு எங்கே போவான் என்று அந்த மனிதர் நினைத்தார். எவனும் அப்படித்தான் நினைப்பான். டிரங்கு ஏறியது, படுக்கை ஏறியது, அட்டைப்பெட்டி ஏறியது. படகுக்காரரிடம் அவறாச்சன் ஏதோ சொன்னார், படகுக்காரர் தலையாட்டினார். நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போடவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே படகு நகர்வதைப் பார்த்தேன். பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது மனசு.

"ஏலே, பெட்டி எங்கலே?" என்று அண்ணன் எழுந்தபோது படகு பாதி தூரம் போயிருந்தது. அவறாச்சன் வந்து, வீட்டுக்குத்தானே, வீட்டில் போய்ச் சேரும் என்றார். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "கல்யாணப் பொண்ணுக்கு வாங்கின சாமான்பூரா அதுலதாம்ல இருக்கு! போச்சு, களவு போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். போகாது அண்ணே, இங்கே போகாது என்று சொன்னேன். அடுத்த மட்டாஞ்சேரிப் படகில் ஏறினோம். நடு வழியில், என்னைப் பார்க்காமலே, "பெட்டிய ஏத்துனத நீ பார்த்துக்கிட்டுதான இருந்தே?" என்றார். "ஆமா" என்றேன்.

எங்கள் வீடு துறையிலிருந்து இரண்டாவது சந்தில். டிரங்கு எங்களுக்கு முன்னாலேயே போய், புதுச் சுண்ணாம்பு அடித்த முன்னறையின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் படுக்கை, பக்கத்தில் அட்டைப்பெட்டி. கயிறுகூட அவிழவில்லை. பிலோமினா குளித்துவிட்டு நல்ல சேலை உடுத்தியிருந்தாள். "சேட்டா, கேறி வா. ஊணு ஆயி" என்றாள். உள்ளே வாங்க, சாப்பாடு தயார் என்று அர்த்தம். அதைப் புரிந்துகொள்ள மலையாளம் தெரிய வேண்டியதில்லை. அண்ணன் படிக்குக் கீழே, சந்தில் நின்றார். மத்தியான வெயில். "பெட்டிய வெளிய எடுத்துக் குடு" என்று என்னிடம் சொன்னார். அவள் மறுபடியும் கூப்பிட்டாள். அவர் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டார். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "தாகம் இல்ல" என்றார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அந்தச் செம்பை அவள் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு நானும் அவளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து டிரங்கை வெளியே இறக்கினோம். அவளுக்கு முன்னால் என் அண்ணன் இப்படி நின்றதில் எனக்குச் செத்துப் போகலாம் போல அவமானமாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு அதுகூட உறைக்கவில்லை.

எரணாகுளம் படகு, அப்புறம் ஓர் ஆட்டோ, அப்புறம் சவுத் ஸ்டேஷன். சிவப்புச் சட்டை போர்ட்டர் பெட்டியை ஏற்றினார். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் பிளாட்பாரத்தில் நின்றேன். வண்டி கிளம்ப நேரம் இருந்தது. அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"சம்பந்தக்காரங்க கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்கலே. உன் வீட்டுப் படி ஏறல, பச்சத்தண்ணி குடிக்கலன்னு சூடத்த அணைச்சு நான் சத்தியம் பண்ணணும். பண்ணலேன்னா செல்வி கல்யாணம் நின்னுபோகும். பொய்ச் சத்தியம் என்னால முடியாது. புள்ள காரியம்."

"சரிண்ணே" என்றேன்.

"ஆனா அம்மா தனியாக் கூப்பிட்டுக் கேப்பா. உன் வீட்டுல ஒரு வாய் தின்னுட்டு வான்னு ரகசியமா எனக்குக் கடுதாசி போட்டதே அவதான். அவகிட்டத் தின்னேன்னுதான் சொல்லணும்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சொல்லு. வீட்டுக்குள்ள எப்படி இருக்கும்?"

நான் சொன்னேன். முன்னறை, அதற்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அப்புறம் அடுப்படி. அடுப்படி ஜன்னலில் இருந்து பார்த்தால் கொஞ்சம் காயல் தண்ணீர் தெரியும். சுவரில் மாதா படம் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் திருச்செந்தூர் முருகனும் இருக்கிறார். உட்காரப் பாய் போடுவோம். பீங்கான் தட்டு. அவர் பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி ஒவ்வொன்றையும் முணுமுணுத்துத் திரும்பச் சொன்னார். மாதா இடது பக்கமா, வலது பக்கமா என்று கேட்டார். என் வீட்டைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, அது வேறு யாருடைய வீடோ போல இருந்தது.

"என்ன குழம்பு?"

எனக்குத் தெரியவில்லை. பெட்டியை எடுக்கிற அவசரத்தில் அடுப்படிப் பக்கம் நான் போகவே இல்லை. "மீன் குழம்புண்ணே. குடம்புளி போட்டது" என்று சும்மா சொன்னேன்.

"உன் பொண்டாட்டி என்ன சொன்னா?"

"உள்ள வாங்க, சாப்பிடலாம்னா."

"அது எனக்கே கேட்டுச்சுலே" என்றார் அண்ணன். வண்டி நகர்ந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது பிலோமினா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். என்ன வைத்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை. ஸ்டேஷனில் நடந்ததையும் சொல்லவில்லை. செல்வியின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இரண்டு மாதம் கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. பிலோமினாவுக்குத் தமிழ் வாசிக்க வராது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அண்ணன் எல்லாம் சொன்னான், மாதாவும் முருகனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்களாமே, அடுப்படியில் நின்றால் காயல் தெரிகிறதாமே என்று அம்மா எழுதச் சொல்லியிருந்தாள். மருமகள் கைப்பக்குவம் நன்றாக இருந்ததாம், மீன் குழம்பில் மட்டும் உப்பு ஒரு கல் கூடுதலாம், அவளைக் குறைத்துப் போடச் சொல் என்றும் இருந்தது. உப்பை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அண்ணன் தன் கையால் சேர்த்தது.

அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை, வாசித்துவிட்டேன்.

"சேட்டன் கழிச்சில்லல்லோ" என்றாள் பிலோமினா. அவர் சாப்பிடவே இல்லையே என்கிறாள்.

"இல்ல. அம்மாவுக்காகச் சொன்னது. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவள் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். "அம்மைக்கு அது அறியில்லல்லோ" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அம்மாவுக்கு அது தெரியாதே!

அன்று மத்தியானம் மீன் குழம்பில் உப்பு ஒரு கல் குறைவாக இருந்தது. இத்தனை வருஷமாக அப்படியேதான் வைக்கிறாள். அம்மா சொன்ன அளவு அது, அதை மாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தட்டின் ஓரத்தில் கொஞ்சம் உப்பு வைத்துத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன்.