கூரைக்குக் கூரை லேசர் விட்ட கதை

வயர் இல்லாமல் இன்டர்நெட் கொடுக்கும் தொழிலில், இன்டர்நெட்டைவிட விளக்கம்தான் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும். கூரை ஏறி எதையாவது பூட்டிப் பிழைக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மலேசியாவின் குளுவாங் நகரில் ஒரு கடைவரிசையின் மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் மூன்று பேர்: பாஸ் அழகப்பன், தோட்டத்தில் வளர்ந்து தமிழ் பேசும் ஹஃபிஸ், நான். ஒரு கூரையில் ஒரு பெட்டி, எதிர்க் கூரையில் இன்னொரு பெட்டி. நடுவில் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஓடும், அதில் இன்டர்நெட் போகும். இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எங்களைப் படுத்திய பாடுதான் இது.

முட்டி வலி

எங்கள் முதல் வாடிக்கையாளர் காதர் பாய். ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அவருடைய சாப்பாட்டுக் கடை, அந்தப் பக்கம் அதன் கிளை. தண்டவாளத்தைத் தாண்டி கேபிள் இழுக்க அனுமதி கிடைக்காததால் எங்களைக் கூப்பிட்டார். லேசர் என்றதும் முகம் மாறியது. இது ஆபத்தில்லாதது, வெறும் வெளிச்சம்தான் என்று அரை மணி நேரம் படம் வரைந்து விளக்கினேன். மொட்டை மாடிச் சுவரில் பெட்டியைப் பூட்டினோம். இரண்டு கடையிலும் இன்டர்நெட் பறந்தது.

மறுநாள் காலை லைன் இல்லை என்று கிளையிலிருந்து போன். ஓடிப்போய் மாடி ஏறினால், பாயின் மனைவி பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு, வலது காலைச் சுவர்மேல் தூக்கி வைத்து நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். மருத்துவமனையில் லேசர் வைத்து முட்டி வலியைச் சரிசெய்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். இது அந்த லேசர் இல்லை என்றேன். பாய் விடவில்லை.

“சும்மா போற வெளிச்சம்தானே மிஸ், போற வழியில அவ முட்டியையும் ஒரு பத்து நிமிஷம் பார்த்துட்டுப் போகட்டுமே!”

பளபளப்பு

சாஆ என்ற ஊரில் ஒரு ஹார்டுவேர் கடைக் கூரையில் நான், தூரத்தில் ஒரு கிளினிக் கூரையில் ஹஃபிஸ். குறி பார்க்க வசதியாக நான் ஒரு தகரத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “கிடைச்சிருச்சுக்கா, நல்லா மின்னுது” என்று போனில் சொன்னான். என் பக்கம் சிக்னல் இல்லை. கொஞ்சம் இடது, கொஞ்சம் மேலே என்று ஒன்றரை மணி நேரம் வெயிலில் வெந்தேன். கடைசியில், பெட்டியின் குறிபார்க்கும் கண்ணாடியில் தெரிவதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது மாரியம்மன் கோயில் கலசம்.

கன்னாபின்னாவென்று திட்டினேன். அவன் அசரவில்லை.

“அலமாக், நீங்கதானக்கா சொன்னீங்க, பளபளன்னு தெரியுறதுதான் நான்னு!”

மண்டோர்

காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். தோட்ட ஆபீசிலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு லேசர் விட்டிருந்தோம். தினமும் மத்தியானம் லைன் விட்டுவிட்டு வரும். மூன்று நாள் மூன்று பேரும் லேப்டாப்போடு உட்கார்ந்து லென்ஸைத் துடைத்தோம், சாஃப்ட்வேரை மாற்றினோம், கரண்டைச் சந்தேகப்பட்டோம். தோட்ட ஆட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி தினமும் அந்தப் பக்கமாகப் போகும்போது எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் நின்று, “இதுக்கு என்னதான் வேணும்?” என்றார். இங்கிருந்து பார்த்தால் பள்ளிக்கூரை தெரியணும் என்றேன்.

பெட்டிக்குப் பின்னால் வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அரிவாள் கட்டிய நீளக் கம்பை எடுத்துக்கொண்டு போய், ஒரே இழுப்பில் ஒரு மட்டையைத் தள்ளினார். மத்தியானம் காற்று அடித்தது. லைன் அசையவில்லை.

“காத்தடிச்சா மட்டை ஆடும்னு தெரிஞ்சிக்க எத்தனை வருஷம் படிச்சீங்க தாயி?”

பனிமூட்டம்

அதே தோட்டத்தைப் பார்க்க, தோட்டக் கம்பெனியின் கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து சாரதா மேடம் வந்தார். அவர்களுடைய எல்லாத் தோட்டங்களுக்கும் லேசர் போட அவர் சரி என்றால் நாங்கள் பிழைப்போம். இல்லையென்றால் மாதக் கடைசியில் கம்பெனியை மூடுவதாக பாஸ் சொல்லியிருந்தார். ஹஃபிஸுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. சிங்கப்பூர் வேலைக்கு ஃபாரம் வாங்கி வைத்துவிட்டான். “பனியைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காத விமலா” என்பது எனக்கு பாஸின் கட்டளை.

காலை ஏழரைக்கு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. எதிரில் இருந்த மரம்கூடத் தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகள் தெரிய வேண்டிய திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “சிஸ்டம் வார்ம்-அப் ஆகுது மேடம்” என்றார் பாஸ். மேடம் என் பக்கம் திரும்பி, “அப்படியா?” என்றார்.

ஹஃபிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இல்ல மேடம். பனியில லேசர் போகாது. அடைமழையிலயும் சிரமம்தான். அந்த நேரத்துக்கு ரேடியோ பெட்டி ஒண்ணு கூட வைக்கணும், நாங்க இன்னும் வைக்கலை” என்றேன். பாஸ் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வேறு வேலை தேடும் எண்ணமே வந்துவிட்டது. மேடம் ஒரு காபி கேட்டார்.

ஒன்பது மணிக்குப் பனி விலகியது. திரையில் நாற்பது பிள்ளைகள் ஒன்றாக “வணக்கம்!” என்று கத்தினார்கள், முன்வரிசையில் யாருக்குப் பல் விழுந்திருக்கிறது என்பதுவரை தெரிந்தது. மேடம் அவர்களோடு வெகுநேரம் பேசினார். எல்லாத் தோட்டங்களும் கிடைக்கவில்லை; இந்த ஒரு தோட்டம், ஆறு மாதம், ரேடியோ பெட்டி கட்டாயம் என்று கையெழுத்துப் போட்டார். ஹஃபிஸ் வெளியே போய் மனைவிக்கு போன் செய்தான். மேடம் காரில் ஏறும்போது பாஸிடம் சொன்னார்:

“அடுத்த தடவை இந்தப் பொண்ணையே பேச விடுங்க லா. வார்ம்-அப் ஆனது உங்க மெஷின் இல்ல மிஸ்டர் அழகப்பன், சூரியன்!”

ஒளியின் வேகத்தில் இன்டர்நெட் தருகிறோம் என்று எங்கள் விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறோம், ஆனால் பனி மூடிய நாளில் பொழுது விடிகிற வேகத்தில்தான் தருகிறோம்.