மார்த்தாளுக்காக ஒரு பிரசங்கம்

ரிச்சர்ட்ஸ் டவுன் தமிழ்ச் சபையில் பியூலாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் கைப் பிரியாணியைச் சாப்பிடாதவர்களும் கிடையாது. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேன்டீனைப் பல வருடம் தனியாளாகக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவள். ஈஸ்டரோ அறுப்பின் பண்டிகையோ, ஆராதனை முடிந்ததும் நடக்கும் ஐக்கிய விருந்துக்கு அடுப்பில் பிரியாணி தேக்சாவை ஏற்றுவது அவள்தான். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அதை மறைத்துப் பழக்கமும் இல்லை.

ஒரே ஒரு வேதபகுதிதான் அவளுக்கு ஆகாது. இயேசு வீட்டுக்கு வந்திருக்கும்போது மார்த்தாள் சமையலில் அல்லாடுகிறாள். தங்கை மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். மரியாள் செய்ததே சரி என்று அவரும் சொல்லிவிடுகிறார். வருகிற ஆயர்களெல்லாம் இதை எடுத்துக்கொண்டு, மார்த்தாளைப் போல இருக்காதீர்கள் என்று மேலே பீடத்தில் நின்று பேசுவார்கள். ஆசீர்வாதம் கூறிய கையோடு பின்கட்டுக்கு வந்து, "பியூலாம்மா, சாப்பாடு ரெடியா?" என்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நானும் மரியாளாட்டம் உக்காந்துட்டா இவங்கள்லாம் எதைத் திம்பாங்க?" என்று வீட்டில் கணவர் எத்திராஜிடம் பொரிந்து தள்ளுவாள்.

"என்கிட்ட சொல்லி என்னா பிரயோஜனம்? மேல ஏறிச் சொல்லு," என்பார் அவர்.

ஏறுவதற்கும் வழி வந்தது. அந்தச் சபையில் பெண்கள் ஞாயிறு என்றால் ஆராதனை முழுக்கப் பெண்கள் கையில், அடுப்படி ஆண்கள் கையில் என்று பேர்; அன்றைக்கும் கூடவே நின்று பதம் பார்ப்பது பியூலாதான். பிரசங்கம் மட்டும் எப்போதும் ஆயரம்மாவுடையது. இந்த வருடம் அவர் ஊரில் இல்லை. பேச யார் தயார் என்று கேட்டதும் பியூலா கையைத் தூக்கினாள்.

பெண்கள் சங்கச் செயலாளர் உஷா இழுத்தாள். "பேச்சு வராம நடுவுல நின்னுட்டீங்கன்னா, சபையில வேற பொம்பளைங்களை இனிமே ஏத்தவே மாட்டாங்க ஆன்ட்டி."

"நிக்க மாட்டேன்," என்றாள் பியூலா. சொல்லிவிட்டாளே ஒழிய, அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. பிரசங்க பீடத்தில் ஏறி, முதலில் அந்த வேதபகுதியை வாசித்தாள். போகப்போகக் குரல் நிலைக்கு வந்தது.

"அதே மார்த்தாளை யோவான் பதினோராம் அதிகாரத்துல பாருங்க. கூடப் பொறந்த லாசருவை அடக்கம் பண்ணியாச்சு. இயேசு வர்றார்னு தெரிஞ்சதும் மரியாள் வீட்டுக்குள்ளயே இருக்கா. எதிர்கொண்டு போனது யாரு? மார்த்தாள்."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்போதுதான் பின்கட்டைப் பார்த்த பக்கத்து ஜன்னல் வழியாக அந்த வாடை வந்தது.

அடிப்பிடிக்கிறது. அவள் மூக்குக்குப் பொய் தெரியாது. இப்போதே தணலை இழுக்காவிட்டால் தேக்சா மொத்தமும் பாழ்; இத்தனை பேரும் பசியோடு வீடு போக வேண்டும். மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சபை கொல்லென்று சிரிக்கும், பேச்சும் அதோடு போகும். கால் தானாகப் படிப் பக்கம் திரும்பியது.

திரும்பியவள் ஜன்னலைப் பார்த்தாள். கையில் கரண்டியோடு, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எத்திராஜ் நின்றிருந்தார். யார் பிரசங்கம் பண்ணினாலும் தொடங்கும் முன்பே கண்ணயர்கிற மனுஷன், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சமைக்க வந்த ஆண்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். பியூலாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுபடி மைக்கைப் பிடித்தாள்.

"நீர்தான் கிறிஸ்துன்னு அவர் முகத்துக்கு நேரா அறிக்கை பண்ணதும் மார்த்தாள்தான். அடுப்பங்கரையில நின்னவ. அவ வேலையை இயேசு குறை சொல்லலை. அவர் திட்டுனாருன்னு நெனச்சு நான்தான் இத்தனை வருஷம் கோச்சுக்கிட்டேன். இப்ப என்னா வாடை வருதுன்னு உங்களுக்கும் தெரியும். எறங்கி ஓடச் சொல்லிக் கால் துடிக்குது. இங்க நின்னாத்தான் புரியுது, அவர் அவளைத் திட்டலை. கொஞ்சம் வந்து உக்காரும்மான்னு கூப்பிட்டாரு. நான் எறங்கப் போறதில்லை."

யாரும் சிரிக்கவில்லை. உஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பியூலா நிதானமாகப் பேசி முடித்து, ஜெபம் பண்ணிவிட்டுத்தான் இறங்கினாள்.

பந்தியில் ஆண்கள் பரிமாறினார்கள். அடிப்பிடித்த தேக்சாவில் மேலாக வழித்தெடுத்த சோறுதான். அதிலும் தீய்ந்த வாடை. ஆளுக்கு ஒரு கரண்டிதான் தேறியது. பியூலா வாழ்க்கையில் முதல்முறையாக ஐக்கிய விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எதிர்வரிசையில் ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்தார். "இன்னைக்கு யாருய்யா சமையல்?"

வாளியோடு நின்ற எத்திராஜ் கொஞ்சமும் கூசவில்லை. "சமையல் நான்தாங்க. பிரசங்கம் என் வீட்டம்மா," என்றார்.